எந்தக் கட்டை என்று எழுதுங்கள்

வணக்கம் அக்கா,

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம். வருகிற வைகாசியில் அம்மன் கோயிலில் காத்தவராயன் கூத்து ஆடுகிறோம். நடிக்கிறவர்கள் 22 பேர், பிற்பாட்டும் பக்கவாத்தியமும் 10 பேர். ஒரு கைநூல் அடிக்கப் போகிறோம். அதில் ‘ஆற்றுகையாளர் அறிமுகம்’ எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பட்டதாரிகளும் அரசின் கலாபூஷணம் விருது பெற்றவர்களும் முதலில் வரவேண்டும் என்கிறார்கள் நிர்வாகத்தில் சிலர். கூலிவேலை, மேசன்வேலை என்று போட்டால் வெளிநாட்டிலிருந்து வருகிற சனம் என்ன நினைக்கும் என்றும் கேட்கிறார்கள். பெயர்களை என்ன ஒழுங்கில் போடுவது? தொழிலைப் போடலாமா? குடும்பப் பின்னணி எழுதலாமா? “படித்தவர்கள் வந்தபிறகுதான் கூத்துக்கு மதிப்பு வந்தது” என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இந்தக் கைநூல்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நல்லதாய்ப் போயிற்று, ஏச ஒரு ஆள் கிடைத்தது. ஏச்சு உங்களுக்கு இல்லை, உங்கள் நிர்வாகத்துக்கு. ஆனால் நீங்கள்தான் வாசிப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பின்னணி வேண்டாம். ‘பாரம்பரியக் கலைக்குடும்பத்தில் பிறந்தவர்’ என்று எழுதுகிறவர் பாதி நேரம் சாதியைத்தான் சொல்ல வருகிறார், மீதி நேரம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால் எழுதுகிறார். தகப்பனிடமே பழகியிருந்தால் ‘தகப்பனிடம் பழகினார்’ என்று போடுங்கள், அது செய்தி. கலாபூஷணம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லாக நிற்கட்டும். அதற்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

“படித்தவர்கள் வந்தபிறகுதான் மதிப்பு” என்றவருக்கு இதைச் சொல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். விடியவிடிய ஆடுகிற கூத்து நகரத்து மேடைக்கு ஏற்றபடி சுருங்கியது, மண்டபத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கிற சனம் கூத்துப் பக்கம் திரும்பியது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் யார்? வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பட்டதாரிகள் அவர் முன்னால் நின்று அடி பழகினார்கள். மதிப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

இனித் தொழில். இதைக் கேட்கவே கூடாது, தங்கச்சி. கட்டாயம் போடுங்கள். வெட்கப்பட்டு ‘கட்டட ஒப்பந்தக்காரர்’, ‘விவசாய முயற்சியாளர்’ என்று பூச்சுப் பூசாமல் மேசன், வயல், கடல், ஓட்டோ என்று உள்ளபடி போடுங்கள். நடிகரின் தொழில் கூத்துக்கு வெளியே இருக்கிற சங்கதி என்று நினைப்பதுதான் பிழை.

உங்கள் கூத்தையே எடுப்போம். விடியப்புறம் பின்காத்தான், அதாவது கடைசியில் வருகிற காத்தவராயன், கழுமரம் ஏறவேண்டும். இரவு முழுக்கக் கூத்து நடந்து, பனி விழுந்து, மரம் ஈரமாக இருக்கிற நேரம். சலங்கையோடும் உடுப்போடும், கீழே பார்க்காமல், படிப்படியாக நின்று பாடிக்கொண்டே ஏறவேண்டும். ஏறுகிறபோது மூச்சு வாங்கினால் பாட்டின் கடைசிச் சீர் விழுங்கப்பட்டுப் போகும். பயந்தவர் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடிப்பார். அப்போது நெஞ்சு அமுங்கும், குரல் வராது. கட்டடச் சாரத்தில் நின்று பழகிய மேசன் ஒரு கையாலும் முழங்காலாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் திறந்து நிற்பார், பாட்டு வரும். இவர் மேசன் என்று எழுதினால் அது அவருடைய தகுதியைச் சொன்னதாகும். ‘ஒப்பந்தக்காரர்’ என்று எழுதினால் அந்தத் தகுதியை மறைத்ததாகும்.

பிற்பாட்டுக்காரரும் அப்படித்தான். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுவையோடு சேர்த்து வாங்கிப் பாடுவார்கள். அடியின் கடைசிச் சொல் முடியமுன்னம் வாங்கவேண்டும், பிந்தினால் இழுவை பிசகும். அந்தப் பழக்கம் உள்ளவருக்குப் பிற்பாட்டு வாங்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வயற்காவலும் வெறும் காவல் இல்லை. வன்னியில் குருவி கலைக்கக் குருவிச்சிந்து இருந்தது, பன்றிக்குப் பண்டிப்பள்ளு இருந்தது. காத்தவராயன் முழுக்கச் சிந்துமெட்டு. வாய் எங்கே பழகியது என்று பாருங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். எந்தக் கைநூலிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. நடிகரின் பின்னணி என்று ஒரேயொரு தகவல்தான் போடலாம் என்றால் நான் அதைத்தான் போடுவேன்: அவர் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுகிறார்.

சிரிக்காதீர்கள். ஆர்மோனியப் பெட்டியில் 1 கட்டை தொடங்கி 7 கட்டை வரை வெள்ளைக் கட்டைகள், இடையில் 1½, 2½, 4½, 5½, 6½ என்று கறுப்புக் கட்டைகள். மைக் இல்லாத காலத்துக் கூத்துக்காரர் 4, 5 என்று உச்சத்தில் பாடினார்கள். கடைசி வரிசையில் பாய் விரித்திருக்கிற கிழவிக்கும் கேட்கவேண்டும், அதற்கு வேறு வழியில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டியதால் எல்லாருடைய குரலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. பெட்டிக்காரர் இரவு முழுக்க ஒரு கட்டையை விட்டு அசையத் தேவையில்லை. மைக் வந்தது. ஆண்கள் 2 கட்டைக்கு, 1½ கட்டைக்கு இறங்கினார்கள். மைக் குரலைப் பெருப்பித்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது குரலை இறக்கியும் விட்டது. அதே காலத்தில் பெண்பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள், வரவேண்டியதுதான். அவர்களுக்கு வசதியான இடம் 5, 5½. இப்போது 2 கட்டைக் காத்தானும் அவனுடைய காதலியான 5 கட்டை ஆரியப்பூமாலையும் தர்க்கப்பாட்டுப் பாடவேண்டும், ஒருவருக்கு ஒரு அடி, மற்றவருக்கு ஒரு அடி. பெட்டி எங்கே நிற்கும்?

காத்தவராயனில் இது மும்மடங்கு சிக்கல். ஒரே காத்தானை மூன்று பேர் ஆடுகிறார்கள்: பாலக்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான். சனம் மூவரையும் ஒரே ஆளாகத்தான் பார்க்கிறது. முகம் மாறினால் சனம் மன்னிக்கும், மீசையை மன்னிக்கும். 5 கட்டையில் பாடிப்போன காத்தான் அடுத்த வரவில் 2 கட்டையில் வந்து நின்றால் காது மன்னிக்காது. ஏன் என்று தெரியாமலே எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போவார்கள்.

“கீபோட்டில் பொத்தானை அமத்தினால் கட்டை மாறும்தானே” என்று உங்கள் பொடியன்கள் சொல்வார்கள். கீபோட் மாறும். மிருதங்கம்? அதை வாரில் தட்டி அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம், அதற்கும் நேரம் வேண்டும். 2 கட்டை வித்தியாசம் என்றால் இன்னொரு மிருதங்கம் வேண்டும். அது கோயில் நிர்வாகத்தின் செலவுக் கணக்கில் இராது. பெட்டி ஒரு இடம், மிருதங்கம் ஒரு இடம் என்று நடுச்சாமத்தில் இரண்டும் பிரிந்து ஓடும்.

செய்யவேண்டியது இதுதான். ஒவ்வொருவரையும் பின்னேரம், வேலை முடிந்து வந்தபிறகு, பெட்டிக்கு முன்னால் நிறுத்துங்கள். காலமையில் பார்க்கவேண்டாம். காலமைக் குரல் பொய் சொல்லும், கூத்து இரவில்தான். வரவுப் பாட்டைப் பாடவிடாமல் அவருடைய கொப்பியில் எந்த அடி ஆகவும் மேலே போகிறதோ அதைப் பாடவிடுங்கள். மூன்று தரம். மூன்றாம் தரமும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் அதிலிருந்து அரைக் கட்டை இறக்கி எழுதுங்கள். அந்த அரைக் கட்டை விடியப்புறத்துக்கான சேமிப்பு. மூன்று காத்தான்களில் நடுவிலும் கடைசியிலும் வருகிறவர்களுக்கு இடையில் அரைக் கட்டைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆளை மாற்றுங்கள், அல்லது இருவரையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவாருங்கள். காத்தானும் ஆரியப்பூமாலையும் 4 கட்டைப் பக்கம் சந்திக்கலாம். அவர் மைக்கின் சோம்பலை விட்டுக் கொஞ்சம் ஏறவேண்டும், அவள் கொஞ்சம் இறங்கவேண்டும். இரண்டு பேருக்கும் பிடிக்காது. இரண்டு கிழமையில் பழகும். கட்டை மாறித்தான் ஆகவேண்டும் என்றால் வசனம் வருகிற இடத்தில் மாற்றுங்கள். பாட்டின் வாலில் மாற்றாதீர்கள்.

பாலக்காத்தானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தையில் பழக்கத் தொடங்கி வைகாசியில் ஆடினால் இடையில் நாலைந்து மாதம். 13 வயதுப் பொடியனைத் தெரிவுசெய்தால் சித்திரையில் குரல் உடைந்துபோகும். 10 வயதுப் பிள்ளையைத் தெரிவுசெய்தால் புலமைப்பரிசில் சோதினை என்று தாய் மறித்துவிடுவாள், அது அவளுடைய நியாயம். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைத் தெரிவுசெய்து, பக்கத்தில் இன்னொன்றுக்கும் அதே கொப்பியைக் கொடுத்து வையுங்கள். கைநூலில் இரண்டு பேரின் பெயரும் வரட்டும். ஆடாமல் போன பிள்ளைக்கும் அந்தக் கொப்பி பாடம்தானே.

உங்கள் 32 பேரில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் யாரும் இருப்பார்களே? 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்தவர்கள் காமன்கூத்தையும் தப்பு என்ற தோல்வாத்தியத்தையும் கூடக் கொண்டுவந்தார்கள். தப்பில் பழகிய கை டோலக்குக்கு வந்தால் முதல் இரண்டு கிழமை குரலை மூடி அடிக்கும், திறந்தவெளிக்கான கை அது. பாடுகிறவருக்குப் பின்னால் இருத்தி, டோலக்குக்கு மைக் கொடுக்காமல் பழக்குங்கள். மூன்று மணிக்கு மற்றவர்களுடைய தாளம் தளர்கிறபோது தளராமல் நிற்கிற கையும் அதுதான். இவருடைய அறிமுகத்தில் ‘காமன்கூத்தில் தப்பு அடித்தவர்’ என்று இல்லாவிட்டால் நீங்கள் என்னத்தை அறிமுகம் செய்தீர்கள்?

இடமும் அப்படித்தான். 2009க்குப் பிறகு வன்னியில் ‘ஊர்’ என்று ஒரு சொல்லை எழுதி முடித்துவிட ஏலாது. பழகிய ஊர் ஒன்று, இருக்கிற ஊர் ஒன்று. இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் மெட்டு பழகிய ஊரோடுதான் வரும். ஒரே அடியை இரண்டு பேர் இரண்டு விதமாக இழுத்தால் சண்டைபிடிக்கமுதல் யார் எங்கே பழகினார் என்று பாருங்கள். இடப்பெயர்வில் கொப்பிகள் தொலைந்த ஊர்களில் பிற்பாட்டுக்காரரின் வாய்தான் கொப்பி. தலைமை நடிகருக்குத் தன் பாட்டு மட்டும் தெரியும், பிற்பாட்டுக்காரருக்கு எல்லாருடைய பாட்டும் தெரியும். அவரைக் கடைசிப் பக்கத்தில் ‘மற்றும்’ என்று போட்டுவிட்டு ஒரு பட்டதாரியை முதற்பக்கத்தில் வைக்கச் சொல்கிறது உங்கள் நிர்வாகம்.

ஒரு ஆளுக்கு 40 சொல் போதும். இப்படி:

‘பின்காத்தான்: (பெயர்). பழகியது குமுழமுனையில், தாய்மாமனிடம். இருப்பது தர்மபுரம். மேசன். முன்னர் சின்னான் வேடம் 3 தரம், நடுக்காத்தான் 2 தரம். 4 கட்டை. கழுமரம் இவரே ஏறுவார்.’

ஏ5 பக்கத்துக்கு 4 பேர், 32 பேருக்கு 8 பக்கம். அட்டை, கதைச்சுருக்கம், நன்றி எல்லாம் சேர்த்து 12 பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்று ஏ4 தாளை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் சரியாக வரும். 13 என்றால் அச்சகக்காரர் 16க்குக் காசு வாங்குவார், மிச்சம் மூன்று பக்கத்திலும் வாழ்த்துச்செய்தி வந்து குந்தும். எழுத்து 12 புள்ளிக்குக் குறையவேண்டாம், ரியூப் லைற் வெளிச்சத்தில் வயதுபோனவர்கள் வாசிக்கவேண்டும்.

ஒழுங்கு கேட்டிருந்தீர்கள், மறந்துபோனேன். மேடைக்கு வருகிற ஒழுங்கு. பிற்பாட்டும் பக்கவாத்தியமும் முதல், ஏனென்றால் அவர்கள்தான் முதலில் வந்து குந்துகிறார்கள்.

படம் எடுக்கிற பொடியனை இந்தக் கிழமை அனுப்பவேண்டாம். பெட்டிக்காரரையும் ஒரு கொப்பியையும் கூட்டிக்கொண்டு நீங்களே வீடு வீடாகப் போங்கள். வெள்ளிக்கிழமை விட்டுவிடுங்கள், எல்லாரும் கோயிலில் நிற்பார்கள்.

அன்புடன்,
அக்கா