ஒற்றைச் சம்பளம், இரண்டு பிள்ளைகள்: ஹேபிடாட்டில் வீடு கேட்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். விவாகரத்தாகி மூன்று வருடம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மருந்துக்கடையில் டெக்னீஷியன் வேலை, வருடத்துக்கு 48,000 டாலர், கிரீன் கார்டு இருக்கிறது. பேங்க் தரும் கடனில் இங்கே கராஜ்கூட வாங்க முடியாது. ஹேபிடாட் என்ற வீடு கட்டும் தொண்டு அமைப்பில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு இலவசமாக வீடு தருகிறார்கள் என்று தோழி சொல்கிறாள். கிறிஸ்தவ அமைப்பாமே, நமக்குத் தருவார்களா? முன்பு கணவரோடு கூட்டாக ஒரு வீடு என் பெயரில் இருந்தது, அது தடையா?

பதில்: முதலில் தோழியிடம் சொல்லிவிடுங்கள், இலவசம் கிடையாது. ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி 1976-ல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில் ஃபுல்லர் தம்பதி ஆரம்பித்தது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் இவர்களுக்காகச் சுத்தியலோடு நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டை உங்களுக்கு விற்கிறார்கள், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். பல கிளைகள் வட்டி வாங்குவதில்லை, சில கிளைகள் குறைந்த வட்டி வாங்குகின்றன. விஷயமே அதில்தான் இருக்கிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பிடித்தம் போகுமுன் மாதம் 4,000 டாலர். வீட்டுச் செலவு அதில் சுமார் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதாவது 1,200. சொத்து வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் 400 ஒதுக்குவோம் (டெக்சாஸில் கூடவே ஆகலாம், மாநில வருமான வரி இல்லாத ஊரில் அதை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள்). மிச்சம் 800. இதை வட்டியில்லாமல் 30 வருடம் கட்டினால் 2,88,000 டாலர் கடனையே அடைத்துவிடலாம். அதே 800-ஐ வைத்துக்கொண்டு 7 சதவீத வட்டிக்கு பேங்கில் நின்றால் கிடைப்பது சுமார் 1,20,000. பேங்க் தரும் கடன் உங்களுக்குப் போதாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான், நீங்கள் தனி ஆள் என்பதல்ல. ஆனால் ஒன்று, வட்டி இல்லை என்பதால் மாதத் தொகை அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள், வரியும் இன்ஷூரன்ஸும் ஏறினால் அதுவும் ஏறும். வீடு கைக்கு வந்ததும், குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு எழுதிப்போட மறக்கவேண்டாம், அது தானாக வராது.

மூன்று விஷயம் பார்ப்பார்கள்: இப்போதைய இருப்பிடம் போதாமல் இருக்கிறதா, மாதத் தொகையைக் கட்ட வருமானம் உண்டா, கூடச் சேர்ந்து உழைக்கத் தயாரா. வருமான வரம்பு உங்கள் பகுதியின் இடைநிலை வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி கீழ்) வைத்து முடிவாகும், கீழ் எல்லையும் உண்டு, மேல் எல்லையும் உண்டு. ஒவ்வொரு ஊர்க் கிளையும் தனி நிர்வாகம், சில இடங்களில் விண்ணப்பமே வருடத்தில் சில வாரம்தான் வாங்குவார்கள், அதனால் ஜிப் கோடைச் சொல்லி உங்கள் கிளை எது, எப்போது வாங்குகிறார்கள் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு பெரும்பாலும் போதும்.

பழைய வீட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். மத்திய வீட்டுவசதித் துறையின் விளக்கப்படி, திருமண காலத்தில் கணவரோடு கூட்டாக மட்டுமே வீடு வைத்திருந்த ஒற்றைப் பெற்றோரும் 'முதல் வீடு வாங்குபவர்'தான். கிளை எந்த விளக்கத்தை வைத்துக்கொள்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஊரில் பூர்வீகச் சொத்தில் பங்கு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், கடன் விண்ணப்பத்தில் பொய் சொல்வது இங்கே மத்தியக் குற்றம். ஜீவனாம்சம், பிள்ளைகளுக்கு வரும் பணம் இவற்றைச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை. வருமானத்தில் சேர்க்கவேண்டுமென்றால் மட்டும் ஒழுங்காக வருவதற்கு ஆதாரம் கொடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை வேறு. அவரோடு கூட்டாக எடுத்த கிரெடிட் கார்டு ஏதும் இன்னும் திறந்திருக்கிறதா? "அவர் கட்டவேண்டும்" என்று கோர்ட் எழுதியிருக்கலாம், அந்தத் தீர்ப்பு கார்டு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் உங்கள் பெயரிலும் விழும். உங்கள் கடன் வரலாறு இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்து, ஒரு வரி விடாமல் பாருங்கள், மிச்சமெல்லாம் அப்புறம்.

உழைப்புக்கு வருவோம். ஸ்வெட் ஈக்விட்டி என்பார்கள், வேர்வையில் போடும் முதல். 200 மணி நேரம் கேட்கும் கிளையும் உண்டு, 500 கேட்பதும் உண்டு. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் 500 மணி என்றால் சனிக்கிழமைகள் ஒரு வருடத்துக்கு மேல் காலி. ஒரு கோடையில் நானும் தன்னார்வலராகப் போனேன். பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டையாக நிறுத்தி ஆணி அடிக்கவேண்டும், என் முதல் மூன்று ஆணியும் வளைந்தன. வீடு வாங்கப்போகிற அம்மா என்னைவிட நேராக அடித்தார். சுவர்ப்பலகை மூடுவதற்கு முன்னால் ஒரு கட்டையில் பென்சிலால் பிள்ளைகள் பெயரை எழுதிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். சுத்தியல் வராது என்றால் நன்கொடையாக வந்த வீட்டுச் சாமான்களை விற்கும் அவர்கள் கடையில் நிற்கலாம், வீடு வாங்குபவர்களுக்கு நடத்தும் வகுப்புகளும் கணக்கில் சேரும், உறவினர் நண்பர்களின் நேரத்தில் ஒரு பகுதியையும் பல கிளைகள் ஏற்கின்றன. 16 வயதுக்குக் கீழே கட்டும் இடத்துக்குள் அனுமதியில்லை, ஆகவே பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு காகிதத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வீட்டின் சந்தை விலைக்கும் உங்கள் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் இரண்டாவது மார்ட்கேஜாக, அதாவது வீட்டின் மேல் இன்னொரு அடமானக் கடனாக எழுதிவைப்பார்கள். மாதத் தவணை இருக்காது, பல கிளைகளில் அங்கேயே குடியிருந்தால் வருடம் ஏற ஏறத் தள்ளுபடியாகும். ஆனால் சீக்கிரம் விற்றால் அதைத் திருப்பிக் கட்டவேண்டிவரும், முதலில் வாங்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கலாம். ஐந்து வருடத்தில் விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கானதல்ல என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மதம்? கிறிஸ்தவ அமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 1968 வீட்டுவசதிச் சட்டப்படி மதத்தைப் பார்த்து வீடு மறுக்க முடியாது. சாவி கொடுக்கும் நாளில் சில கிளைகள் பைபிள் ஒன்றும் கொடுக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நீங்கள் பால் காய்ச்சலாம், ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள், ஸ்மோக் அலாரம் அடிக்கும்.