மெனுவை முகத்தில் ஒட்டாதீர்கள்: விஆர் கேள்வி-பதில்

விஆர் (மெய்நிகர் உலகம்) செயலிகள் செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மெனு பற்றிய கேள்விகள். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: மெனு பலகையை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

ஒன்றரை முதல் 2 மீட்டர், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. தலையில் மாட்டும் பெரும்பாலான ஹெட்செட்களின் லென்ஸ்களுக்கு குவியம் ஏறக்குறைய அங்கேதான் நிலையாக இருக்கிறது. அரை மீட்டருக்குள் கொண்டுவந்தால் கண் வலிக்கும்.

கே: மெனு வேலை செய்யவில்லை. அவசரம், உதவவும்.

எந்த எஞ்சின் (செயலியை உருவாக்கும் மென்பொருள்), எந்த ஹெட்செட், எது வேலை செய்யவில்லை? ஒன்றும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. சரி, யூனிட்டி என்று வைத்துக்கொள்கிறேன். மானிட்டரில் தெரிந்து ஹெட்செட்டில் தெரியவில்லையென்றால் கேன்வாஸ் (மெனுவைத் தாங்கும் பலகை) இன்னும் ஸ்கிரீன் ஸ்பேஸில், அதாவது திரையோடு ஒட்டிய நிலையில் கிடக்கிறது. காட்சிக்குள் ஒரு பொருளாக நிற்கும் வேர்ல்ட் ஸ்பேஸுக்கு மாற்றி, ஸ்கேல் என்ற அளவு விகிதத்தை 0.001 ஆக்குங்கள். தெரிகிறது, ஆனால் அழுத்த முடியவில்லை என்றால், கையிலுள்ள கன்ட்ரோலர் குறிவைப்பதை மெனுவுக்கு உணர்த்தும் ட்ராக்டு டிவைஸ் கிராஃபிக் ரேகாஸ்டரைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

கே: கணினியில் தெளிவாக இருந்த 16 பிக்சல் எழுத்தை ஹெட்செட்டில் படிக்க முடியவில்லையே?

பிக்சலை மறந்துவிடுங்கள், இங்கே கோணம்தான் கணக்கு. கூகுள் 2017-இல் முன்வைத்த டிஎம்எம் அளவு எளிது: 1 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 டிஎம்எம், 2 மீட்டர் தூரத்தில் அதுவே 2 மில்லிமீட்டர். எழுத்துக்கு 24, பட்டனுக்கு 64 வையுங்கள். 2 மீட்டரில் எழுத்து சுமார் 5 செ.மீ., பட்டன் 13 செ.மீ. மானிட்டரில் பூதாகரமாகத் தெரியும். ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கே: மெனு தொலைந்துபோகக் கூடாது என்று கேமராவுக்குச் சைல்டாக, தலையோடு சேர்ந்து நகரும்படி வைத்தேன். எப்போதும் கண்முன்னே இருக்கிறது. ஆனால் சோதித்தவர்கள் தலை சுற்றுகிறது என்கிறார்களே?

சுற்றாமல் என்ன செய்யும்? மெனுவை முகத்தில் ஒட்டாதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் வயதான அம்மா ஒருவர், வலது மூலையில் இருந்த பட்டனைப் படிக்கத் தலையைத் திருப்பினார். பட்டனும் கூடவே திரும்பியது. இன்னும் திருப்பினார். கடைசியில் முழு வட்டம் சுற்றி, கேபிள் காலில் சிக்கி நின்றார். அந்த மெனுவை அப்படி வைத்தவர்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தப்பு அந்த அம்மாவுடையது இல்லை. நாம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை அதன் பக்கம் திருப்புவோம். தலையோடு ஒட்டிய பலகையில் அது நடக்கவே நடக்காது. லென்ஸின் மங்கலான ஓரத்தில் கண்ணை மட்டும் உருட்டிப் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு, எதற்கும் மறையாதபடி வைத்திருந்தால், 2 மீட்டரில் இருக்கும் பலகை 1 மீட்டரில் இருக்கும் சுவரின் மேல் வரையப்படும். எது முன்னால், எது பின்னால் என்று மூளை குழம்பும்.

பட்டனை அழுத்தியதும் பயனர் பார்த்திருக்கும் திசையில் மெனு தோன்றட்டும், தோன்றிய இடத்திலேயே நிற்கட்டும். திசைக்குத் தலையின் பக்கவாட்டுத் திருப்பத்தை மட்டும் எடுங்கள், சாய்வை எடுக்காதீர்கள். அவர் 40 பாகைக்கு மேல் திரும்பிவிட்டால் மெனு மெதுவாகப் பின்தொடரலாம். உயரத்தை மெனு திறக்கும் நேரத்தில் தலையிலிருந்து எடுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்த உயரத்தை எல்லார் தலையிலும் கட்டாதீர்கள்.

கே: யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் 'கொ' என்று அடித்தால் கொம்பு பின்னால் போய்விடுகிறது. என் ஃபான்ட்டில் கோளாறா?

ஃபான்ட் பாவம். எழுத்து வரிசையை மாற்றிக் கோக்கும் வேலையை டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ செய்வதில்லை. மாறாத பட்டன் பெயர்களைப் படமாகவே வைத்துவிடுங்கள், தலைவலி விட்டது. 'ணை', 'ஞ' போன்ற சுழி எழுத்துகளுக்கு 24 டிஎம்எம் போதாது. தமிழுக்கு நான் 30-க்குக் கீழே இறங்குவதில்லை. 'அமைப்புகள்' என்ற சொல்லுக்குப் பட்டனை நீட்டவும் மறக்காதீர்கள்.

கே: கன்ட்ரோலரிலிருந்து நீளும் லேசர் கோட்டால் குறிவைத்து ட்ரிகரை அழுத்தும்போது பக்கத்துப் பட்டன் அழுந்திவிடுகிறது.

அழுத்தும் விரலே கன்ட்ரோலரை அசைக்கிறது. அழுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் லேசர் எங்கே இருந்ததோ அதைக் கணக்கில் எடுங்கள். பட்டனைப் பெரிதாக்குங்கள்.

கே: பார்வையாலேயே தேர்வு செய்ய எத்தனை விநாடி காத்திருப்பு?

சுமார் 1 விநாடி. காத்திருப்பைக் காட்டும் வட்டம் நிரம்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சும்மா பார்த்ததெல்லாம் திறந்துகொள்ளும்.

கே: லேசர் வேண்டாம், கையால் தொடும் பட்டன்களாக இருபது வைக்கலாமா?

வைக்கலாம், தோள்பட்டை இரும்பால் ஆனவர்களுக்கு. டில்ட் பிரஷ் என்ற விஆர் ஓவியச் செயலி 2016-லேயே வழி காட்டியது: ஒரு கையில் தட்டு, மறுகையில் தூரிகை. தட்டை இடுப்பருகே வைத்துக்கொள்ளலாம், கையைத் தூக்கவே வேண்டாம். ஹெட்செட்டை மாட்டி, பத்து நிமிடம் நின்றுகொண்டு உங்கள் இருபது பட்டன்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.