பைபாஸுக்கு மூன்று வாரம்: வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சர்க்கரை இருக்கிறது. ஆஞ்சியோ செய்ததில் மூன்று இடத்தில் அடைப்பு என்று தெரிந்து, மூன்று வாரம் கழித்து மதுரையில் பைபாஸ் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்தால் அவருக்கு உதவியாக இருக்கும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் கணவரைப் போன்றவர்களை ஆபரேஷனுக்கு முதல் நாளும் பார்க்கிறேன், மறுநாள் காலையும் பார்க்கிறேன். வீட்டிலேயே பழகி வந்தவர்களை உடனே அடையாளம் தெரிந்துவிடும். அதனால் இந்த மூன்று வாரத்தையும் ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். அவருடைய எரிச்சலுக்கு அடியில் பயம் இருக்கிறது. "பயப்படாதீங்க" என்று நூறு தடவை சொன்னாலும் அது போகாது. இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது அவராகவே பேச ஆரம்பிப்பார்.

முதலில் மூச்சு. மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும். அவர் செய்யலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். கையில் கொடுத்ததும் எல்லோரும் அதில் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி, ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல மெதுவாக இழுத்தால் பந்து மேலே ஏறும். இரண்டு மூன்று நொடி அங்கேயே நிற்கட்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினமும் நான்கைந்து வேளை. இடையில் நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். ஆபரேஷனுக்கு மறுநாள் நெஞ்சு வலியோடு இதைத்தான் செய்யச் சொல்வோம். சளி கட்டாமல், நுரையீரல் சுருங்காமல் இருக்க இது வேண்டும். அந்த வலியில் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

அப்புறம், படுத்து எழுவது. நடு நெஞ்செலும்பைப் பிளந்து ஆபரேஷன் செய்து, கம்பியால் கட்டி மூடுவார்கள். எலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. பாயில் படுப்பவர் என்றால் இப்போதே கட்டிலுக்கு மாறட்டும். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒருக்களித்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கினால் அந்த வேகத்திலேயே உடம்பு எழும்பும். முதல் சில தடவை நீங்கள் முதுகில் கை கொடுங்கள். இருமும்போதும் இதே தலையணைதான். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். குத்தவைத்துவிட்டுக் கை ஊன்றாமல் எழுவது நடக்காது.

மாத்திரை விஷயத்தில் பக்கத்து வீட்டு யோசனை வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். லேகியம், சூரணம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரலைப் பொதுவாக ஆபரேஷனுக்கு 5 நாள் முன்பும், டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரையை 3 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் நெஞ்சுப் புண்ணும், பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் புண்ணும் சீக்கிரம் ஆறும். நெஞ்சு முடியை வீட்டில் சவரம் செய்துவிடாதீர்கள், கீறல் வழியாகக் கிருமி போகும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வது பற்றி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இப்போதே விசாரியுங்கள்.

ஐசியூவுக்கும் ஒத்திகை உண்டு. கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், பேச வராது என்று அவரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். கையை ஒரு தரம் அழுத்தினால் 'சரி', இரண்டு தரம் அழுத்தினால் 'வலிக்குது' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகம் வீங்கியிருப்பதைப் பார்த்து நீங்கள் உடைந்துபோகாதீர்கள். சிலர் ஓரிரு நாள் இடம் தெரியாமல் உளறுவார்கள். பெரும்பாலும் அது தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் காரணமில்லாமல் அழுவதும் உண்டு. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு மோதிரம், சங்கிலி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். ஊசிக்கெல்லாம் அசராத ஒருவர் அரைஞாண் கயிற்றை வெட்டியதும் கண் கலங்கிவிட்டார். அவர் மனைவி எதுவும் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்துக் காட்டி, "வீட்டுக்குப் போனதும் கட்டிக்கலாம்" என்றார். அவர் அன்றிரவு தூங்கினார்.

உங்கள் தூக்கத்தையும் பாருங்கள். உறவினர்களின் போனுக்கெல்லாம் பதில் சொல்ல மகனையோ தம்பியையோ நியமித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தேதிக்கு முன்பே சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி அடிக்கடி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் வேண்டாம் என்று எரிந்து விழுந்தாலும்.