ரப்பர் தோட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டி வாங்கலாமா?

கேள்வி: மியான்மரின் மோன் மாநிலத்தில், தட்டோன் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் ரப்பர். இரண்டு ஆட்கள் மாறி மாறி டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி பிடிக்கிறார்கள். மழைக்காலத்தில் புல் அடங்கவே மாட்டேன் என்கிறது, புகையில் ஆட்களுக்குத் தலைவலி. கடைக்காரர் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? செயின் சாவையும் அப்படியே மாற்றிவிடலாமா?

பதில்: புல்வெட்டியைத் தாராளமாக மாற்றுங்கள். செயின் சா இருக்கிறபடியே இருக்கட்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. அதோடு, புதிதாக உள்ளே வரும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலென்சர் வழியாக நழுவிவிடும். தலைவலிக்கும் பெட்ரோல் செலவுக்கும் இதுவே காரணம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வுகள் திறந்து மூடுவதால் அந்த நழுவல் மிகக் குறைவு; புகை இல்லை, சத்தமும் குறைவு. ஈரப்புல் அடர்ந்த இடத்தில் வேகம் சற்று இறங்கினாலும் இழுவை விடாது. மோன் மாநிலத்து மழைக்கு இது பெரிய உதவி.

குறை எங்கே என்றால், முதலில் எடை. அதே அளவு டூ ஸ்ட்ரோக்கைவிடத் தோளில் கூடுதலாகவே அழுத்தும். அடுத்தது எண்ணெய். பல ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டிகள் கெடுவது இங்கேதான். ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற 35.8 சிசி இன்ஜினுக்குள் இருப்பது மொத்தமே 100 மில்லி. இவ்வளவு சிறிய இன்ஜினில் எண்ணெய் குறைந்தால் எச்சரிக்கும் வசதி பெரும்பாலும் இராது. குறைந்ததை யாரும் பார்க்கவில்லையென்றால் சீக்கிரமே தேய்மானம் ஆரம்பித்துவிடும். ஆகவே தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் கிடையாக வைத்து மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் வாய் விளிம்புவரை தெரிய வேண்டும். 10டபிள்யூ-30 ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் போதும். புது இன்ஜினுக்கு முதல் 10 மணி நேர வேலைக்குப் பிறகும், அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். சூடு சற்று இருக்கும்போதே பெட்ரோல் மூடியை இறுக்கிவிட்டு, எண்ணெய் வாய்ப்பக்கம் சாய்த்தால் பழையது முழுக்க இறங்கிவிடும்.

அளவுக்கு மேல் ஊற்றுவதும் தப்பு. மிகுதி எண்ணெய் ஏர் ஃபில்டருக்குப் போய் ஸ்பாஞ்சை நனைக்கும். வெள்ளைப் புகை வரும், இழுவை விழும். எந்தச் சாய்விலும் ஓடும் என்று கடையில் சொல்வது உண்மைதான், ஆனால் அது ஓடும்போது. கொட்டகையில் தலைகீழாகச் சாய்த்து வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் கயிறு இழுக்கவே வராது. பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கயிற்றை நாலைந்து தடவை இழுத்து எண்ணெயை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துத் திருப்பிப் போட்டால் ஓடும்.

உங்கள் வீட்டில் இனி இரண்டு வகை எரிபொருள் இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல், செயின் சாவுக்கு டூ ஸ்ட்ரோக் எண்ணெய் சேர்த்த பெட்ரோல் கலவை: 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய், 25:1 என்றால் 40 மில்லி. எந்த விகிதம் என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். கலவையை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிளக்கும் வால்வும் கரி பிடிக்கும், அவ்வளவுதான். வெறும் பெட்ரோலைச் செயின் சாவில் ஊற்றினாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிறக் கேன்கள் வைத்து, கலவைக் கேனில் சிவப்புத் துணி கட்டுங்கள். ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் 4-மிக்ஸ் வகையும் ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனால் அதற்குக் கலவைதான் ஊற்ற வேண்டும். கடையில் இதைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். ஜிஎக்ஸ்35-க்கு இன்ஜின் ஆறிய நிலையில் உள்வால்வு 0.08 மி.மீ., வெளிவால்வு 0.11 மி.மீ. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சூடானபின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் இடைவெளி குறைந்திருப்பதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். இதை அளக்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எந்த இன்ஜினானாலும் மரத்தைச் சுற்றி இரண்டு அடிக்குள் கத்தியோ நைலான் கயிறோ போகக் கூடாது. இளங்கன்றின் பட்டை ஒரு உரசலில் உரிந்துவிடும். பால் வெட்டும் இடத்தில் காயம் பட்டால் அந்தப் பக்கம் பட்டை சரியாகப் புதுப்பிக்காது. அந்த வட்டத்துப் புல்லைக் கைக்கத்தியாலேயே செதுக்குங்கள்.

செயின் சாவுக்கு டூ ஸ்ட்ரோக்கே சரி. கையில் தூக்கிக் கோணம் மாற்றி மாற்றி அறுக்கும் வேலைக்கு எடை குறைவாகவும், டிரிகரை அழுத்தியதும் சங்கிலி உடனே வேகமெடுக்கும்படியும் இருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் அதில் பின்தங்கும். அதனால்தான் கடையில் ஃபோர் ஸ்ட்ரோக் செயின் சா உங்கள் கண்ணில் படுவதே அபூர்வம்.