அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் படித்தால் இன்டர்ன்ஷிப்பும் வேலையும் கிடைக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். பிளஸ் டூ முடிக்கப் போகிறீர்கள். அயோவா மாநிலத்தில் 1,500 பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் பாதிக்கு மேல் உதவித்தொகையோடு இடம் வந்திருக்கிறது. 'எல்லா மாணவருக்கும் இன்டர்ன்ஷிப் நிச்சயம்' என்கிறார்கள். வீட்டில் யாரும் அந்தக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா தயங்குகிறார். போகலாமா?

நான் அதே மாநிலத்தில், ஏறக்குறைய அதே அளவுள்ள ஒரு கல்லூரியில் 2015 முதல் 2019 வரை பொருளாதாரம் படித்தவள். சொந்த ஊர் கரூர். கல்லூரியின் பெயர் வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் அப்பாவின் தயக்கம். நான் கிளம்பியபோது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏங்கண்ணு, இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கலையா?" நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் கட்-ஆஃப் பத்தாதவர்கள் போகிற இடம். அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. கணிதம், இயற்பியல், உயிரியல், கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடக்கம். எதை மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எடுப்பது என்று இரண்டாம் ஆண்டு கடைசியில் முடிவு செய்தால் போதும். இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் படித்தவர். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பக்கத்து மினசோட்டாவில் மெக்கலஸ்டர் கல்லூரியில் 1961-இல் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். இரண்டுமே சின்னக் கல்லூரிகள்தான்.

அப்பா தமிழ் ஆர்வம் உள்ளவர் என்றால் இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள். 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி கிட்டத்தட்ட இந்த வகைப் படிப்பைத்தான் கொடுத்தது. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே படித்த சி.வை. தாமோதரம் பிள்ளை அரசுக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார், வக்கீல் ஆனார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இடையில் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். ஒரே படிப்பை வைத்துக்கொண்டு இத்தனை வேலை! மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பித்ததுதான். ஆக, இது நமக்கு ஒன்றும் அந்நியமான சரக்கு இல்லை.

சரி, இன்டர்ன்ஷிப்புக்கு வருவோம்.

'நிச்சயம்' என்ற சொல்லைப் படித்ததும் உங்கள் மனதில் நம் ஊர் பிளேஸ்மென்ட் வந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் ஆடிட்டோரியத்துக்கு வருவார்கள், ஆப்டிட்யூட் டெஸ்ட் வைப்பார்கள், சாயங்காலம் பட்டியல் ஒட்டுவார்கள் என்று. அப்படி எதுவும் கிடையாது. கல்லூரியில் ஒரு கெரியர் சென்டர் இருக்கும். அவர்கள் ரெஸ்யூமே திருத்துவார்கள், பழைய மாணவர்களின் முகவரிப் பட்டியல் தருவார்கள், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால் கோடை வாடகைக்குப் பணம் தருவார்கள். எழுதுவது, கேட்பது, மறுபடி கேட்பது எல்லாம் நீங்கள்தான். எனக்கு இது புரியவே ஒரு வருஷம் பிடித்தது. யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் இல்லையா நாம்.

எங்கள் கெரியர் சென்டர் நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர வீட்டில் இருந்தது. முதல் வருஷம் பிப்ரவரியில் என் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, இடம், நாள் போட்டுக் கையெழுத்து. அங்கே வேலை பார்த்த அம்மா பொறுமையாகக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "இது கோர்ட்டில் கொடுக்கவா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

அப்புறம் விடுமுறையில் என்ன செய்வாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, அப்பாவோடு குடோனில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். குடோனில் என்ன? அப்பா ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் சூப்பர்வைசர். நான் பத்தாவது முடித்த கோடையில், ஷேடு மாறியிருக்கிறது என்று ஒரு பையர் பதினோராயிரம் கிச்சன் டவலை நிறுத்திவைத்துவிட்டார். நானும் இரண்டு அக்காக்களும் எட்டு நாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் இருந்த டையிங் லாட் நம்பரை (எந்தத் தொகுதியில் சாயம் போட்டது என்ற எண்ணை) நோட்டில் எழுதிப் பிரித்தோம். மாறிப்போன துண்டு அத்தனையும் ஒரே லாட். அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பினார்கள். இதைச் சொல்லி முடித்ததும் அவர் என் மூன்று பக்கத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டு, புதுத் தாளில் முதல் வரியாக இதை எழுதினார். எனக்கு ஒரே கூச்சம். குடோனில் டவல் எண்ணியதையெல்லாம் ரெஸ்யூமேயில் போடுவார்களா?

இந்த மாதிரி ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பதுதான் சின்னக் கல்லூரி. நாற்பதாயிரம் பேர் படிக்கும் இடத்திலும் கெரியர் சென்டர் உண்டு. ஆனால் என் குடோன் கதை வெளியே வரும் அளவுக்கு அங்கே நேரம் ஒதுக்குவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முதல் கோடை, பக்கத்து ஊர் உணவு வங்கி ஒன்றில் சம்பளமில்லாத வேலை. கல்லூரி 3,000 டாலர் கொடுத்தது. 25 கிலோமீட்டர் தூரம், பஸ் கிடையாது, என்னிடம் கார் கிடையாது. அந்தப் பக்கம் போகிற நூலக ஊழியர் ஒருவர் பத்து வாரமும் ஏற்றிக்கொண்டு போனார், அதுவும் நானே போய்க் கேட்டதால். அங்கே கற்றது பெரும்பாலும் எக்செல்.

இரண்டாம் வருஷக் குளிர் விடுமுறையில் பழைய மாணவர்கள் நாற்பது பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். வேலை கேட்டு அல்ல. 'உங்கள் வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேச முடியுமா' என்று மட்டும். பதினோரு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் டி மொயினில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். டி மொயின் இன்சூரன்ஸுக்குப் பேர்போன ஊர். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என் பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றி: "அவர் இன்னும் பச்சைப் பேனாவில்தான் திருத்துகிறாரா?" முப்பது வருஷத்துக்கு முன் அவருக்கும் அதே ஆள், அதே பேனா. நாற்பது நிமிஷம் பேசினோம். மார்ச்சில் இன்டர்வியூ வந்தது. அங்கே அவர்கள் அதிக நேரம் விசாரித்தது என் மதிப்பெண்ணை அல்ல, டவல் கதையை. கிளெய்ம்களில் எது எங்கே தப்பியது என்று பிரிக்கிற வேலைக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நான் செய்த தப்பைக் கவனமாகப் படியுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வெளியில் இன்டர்ன்ஷிப் போக சி.பி.டி. அனுமதி, அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கான அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்க வேண்டும். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்காகப் பெரும்பாலான கல்லூரிகள் அதை ஒரு கிரெடிட் பாடமாகப் பதியச் சொல்கின்றன. அதன் பிறகு கம்பெனி பெயரும் தேதியும் போட்ட புது ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றிதழ்) கைக்கு வரவேண்டும். அதற்கு முன் ஒரு நாள் வேலை செய்தாலும் விசா விதியை மீறியது ஆகும். உணவு வங்கிக்குப் போனபோது இதையெல்லாம் கல்லூரி அலுவலகமே முடித்துக் கொடுத்திருந்தது. அடுத்த வருஷம் பேராசிரியர் 'சரி' என்று பதில் போட்டதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பாடத்தைப் பதியவே இல்லை. வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளி மதியம், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: போகாதே. கம்பெனிக்குப் போன் போட்டு விளக்கும்போது குரலே எழும்பவில்லை. பத்து வாரத்தில் ஒன்பது நாள் போயிற்று. நல்ல வேளை, அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒன்றும் கட்டாயமில்லை.

கோடையில் கிரெடிட் பதிந்தால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. உங்கள் கல்லூரி எப்படி என்று இப்போதே கேளுங்கள்.

அடுத்தது பொருளாதாரம் படிப்பவர்களுக்கு. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம். சாதாரணப் பொருளாதாரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 45.0603 என்ற குறியீட்டில், அளவுசார் பொருளாதாரம் என்று பதிவாகியிருந்தால் உண்டு. பல கல்லூரிகள் இதற்காகவே குறியீட்டை மாற்றிக்கொண்டன. அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம், குறியீடு மட்டும் வேறு. அதில் இரண்டு வருஷம் அடங்கியிருக்கிறது. எங்கள் கல்லூரி நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது மாற்றியது. அதனால் அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று முறையும் பெயர் விழவில்லை. 2022-இல் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கேயும் இன்சூரன்ஸ், அதே கிளெய்ம் வேலை. விசா விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன, எனவே 'அங்கேயே செட்டில்' என்ற கணக்கில் மட்டும் கடன் வாங்காதீர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சோளக்காட்டு நடுவில் ஊர். ஜனவரியில் மைனஸ் 25 வரை போகும். கறிவேப்பிலைக்கு டி மொயின் போகவேண்டும். பழைய மாணவர் வலை டி மொயின், மினியாபொலிஸ், சிகாகோ பக்கம் பலமாக இருந்தது, கலிஃபோர்னியாவில் எங்கள் கல்லூரிப் பெயரைச் சொன்னால் கரூரில் முழித்த மாதிரிதான் முழித்தார்கள். ஒரு துறையில் நான்கு பேராசிரியர் என்றால், ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒதுங்கப் பெரிதாக இடமும் இல்லை. மென்பொருள் வேலைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இதைவிட முக்கியம், கல்லூரியின் பண நிலைமை. சின்னக் கல்லூரிகள் மூடப்படுவது அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அயோவாவிலேயே 1842-இல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023-இல் கதவைச் சாத்தியது. மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, என்டௌமென்ட் (கல்லூரியின் சேமிப்பு முதலீட்டு நிதி) எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் காட்டுங்கள்.

வேலை அனுபவத்தைப் பாடத்திட்டத்திலேயே தைத்து வைத்த கல்லூரிகளும் உண்டு. வெர்மான்டின் பென்னிங்டன் கல்லூரியில் குளிர்காலத்தில் சில வாரம் வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களை வேலைக்கு அனுப்புகிறார்கள். ஓஹையோவின் ஆன்டியோக் 1921 முதலே படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைத்தது (அதுவும் 2008-இல் மூடி, 2011-இல் மறுபடி திறந்த கதைதான்). கென்டக்கியில் பெரியா கல்லூரி டியூஷன் கட்டணமே வாங்குவதில்லை, பதிலுக்கு எல்லா மாணவரும் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் கல்லூரி 'நிச்சயம்' என்று சொல்வதன் எடை தெரியும். கேன்டீனில் தட்டுக் கழுவுவதைக்கூட இன்டர்ன்ஷிப் கணக்கில் சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன.

உங்கள் நிலையில் நான் இருந்தால் போவேன். ஆனால் சேரும் பணம் கட்டக் கடைசி நாள் பெரும்பாலும் மே 1. அதற்குள் அந்தக் கெரியர் சென்டருக்கு நீங்களே, அப்பாவோ ஏஜென்ட்டோ அல்ல, ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்தியா, நேபாளம், வியட்நாம் மாணவர் யாராவது ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர் கிடைத்ததும் இரண்டே கேள்வி: போன கோடையில் எங்கே இருந்தாய், வாடகையை யார் கட்டினார்கள்?