வட்டிலாப்பம் ஏன் ஓட்டை விழுந்து தண்ணீர் விடுகிறது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. கல்யாணமாகி இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் நன்னி (பாட்டி) சொல்லிக்கொடுத்த வட்டிலாப்ப அளவு: ஒரு பெரிய தேங்காய், பத்து முட்டை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெல்லம். அதே அளவில்தான் குக்கரில் வேகவைக்கிறேன். மேலே தடிப்பாக ஒரு ஏடு, உள்ளே ஓட்டை ஓட்டையாக, வெட்டினால் அடியில் தண்ணீர். முட்டை வாடையும் அடிக்கிறது. இரண்டு ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? வீட்டில் ஓவன் இல்லை, கேஸ் ஸ்டவ் மட்டும்தான். பெருநாளுக்குள் சரியாக வர வேண்டும்.

பதில்: சகோதரி, நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் மேலே படியும் ஏட்டைத் தவிர மற்ற மூன்றுக்கும் காரணம் ஒன்றே. சூடு அதிகம். நன்னியின் அளவைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் முட்டையையும் வெல்லத்தையும் மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாற வேண்டியது அடுப்பின் தீயும் பாத்திரமும்.

முட்டை எப்படி உறைகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். தனி முட்டையில் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கெட்டியாகத் தொடங்குகிறது, மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள். ஆனால் முட்டையோடு தேங்காய்ப் பாலும் வெல்லப் பாகும் கலந்துவிட்டால் முட்டையின் புரதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போய்விடுகின்றன. இனிப்பும் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் வட்டிலாப்பக் கலவை உறைய ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரி வரை போக வேண்டும். அந்தச் சூட்டில் புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பாலையும் பாகையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கின்றன. வாயில் வைத்ததும் கரையும் அந்தப் பதம் இங்கேதான் கிடைக்கிறது.

அதற்கு மேலும் சூடு ஏறினால் பின்னல் இறுகுகிறது. இறுகும்போது பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே விட்டுவிடுகிறது. நீங்கள் அடியில் பார்க்கும் தண்ணீர் அதுதான், தேங்காய்ப் பால் நீர்த்ததால் மட்டும் வருவதில்லை. இன்னும் சூடு ஏறி 100 டிகிரியை நெருங்கினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் விடுகிறது. சுற்றிலும் முட்டை ஏற்கெனவே கெட்டியாகிவிட்டதால் குமிழ் இருந்த இடம் அப்படியே ஓட்டையாக நின்றுவிடுகிறது. முட்டை வாடையும் இதே சூட்டின் விளைவு. வெள்ளைக்கருவில் கந்தகச் சத்து உண்டு. அளவுக்கு மீறி வெந்தால் அது வாயுவாகப் பிரிந்து வாடையாக வருகிறது. ஏலக்காயை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் இந்த வாடை முழுதாகப் போகாது. சரியான சூட்டில் வெந்த வட்டிலாப்பத்தில் ஏலக்காய் கொஞ்சமே போதும்.

ஆக, பதமாக உறைவதற்கும் கெட்டுப்போவதற்கும் நடுவே சில டிகிரிகள்தான் இடைவெளி. இப்போது குக்கரை நினைத்துப் பாருங்கள். வெயிட் போட்டால் உள்ளே 120 டிகிரி வரை போகும். அதில் வட்டிலாப்பம் தப்பிக்க வழியே இல்லை. வெயிட் இல்லாமல் வைத்தாலும் தீ முழுதாக எரிந்தால் 100 டிகிரி ஆவி பாத்திரத்தை நாலு பக்கமும் அடித்துக்கொண்டிருக்கும். ஓரம் 95 டிகிரியைத் தாண்டும்போது நடு இன்னும் தண்ணீராக இருக்கும். நடு வேகட்டும் என்று காத்திருக்கிறோம், அதற்குள் ஓரம் போய்விடுகிறது. விறகடுப்பில் செய்தவர்கள் கொதி வந்ததும் கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வேகவைப்பார்கள். அந்தத் தணல் செய்த வேலையை நீங்கள் கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

குக்கர் வேண்டாம், இட்லிப் பானை எடுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி உள்ளே ஒரு ஸ்டாண்டு வையுங்கள். தண்ணீர் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கலவை ஊற்றிய பாத்திரத்தை ஸ்டாண்டின் மேல் வைத்து, தீயை ஆகக் குறைத்து, மூடியின் ஒரு ஓரத்தில் மரக் கரண்டிக் காம்பைச் செருகிச் சற்றே திறந்த மாதிரி வையுங்கள். அந்த இடைவெளி வழியாக வெளிக் காற்றும் கலப்பதால் உள்ளே இருக்கும் சூடு 100 டிகிரிக்குக் கீழே நிற்கும். இந்த முறையில் இந்த ஒரு காரியம் மிக முக்கியம். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம், இதில் கூடாது. ஓவன் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு முறையில் கேரமல் கஸ்டர்ட் செய்பவர்கள் ஓவனுக்குள் வெந்நீர்த் தட்டில் கிண்ணங்களை வைப்பதும் இதற்காகத்தான். தண்ணீர் சுற்றி இருக்கும்வரை கிண்ணத்தின் சூடு கட்டுக்குள் இருக்கும்.

மூடியின் உட்பக்கம் சேரும் ஆவி நீர் சொட்டினால் மேற்பரப்பில் குழி விழும். மூடியை ஒரு பருத்தித் துணியால் சுற்றி மேலே முடிச்சுப் போட்டுவிடுங்கள், துணி அடுப்புப் பக்கம் தொங்காமல். பாத்திரத்தின் மேலே ஒரு தட்டு அல்லது அலுமினியத் தாளும் மூடுங்கள்.

பாத்திரம் ஆழமாக இருந்தால் எவ்வளவு கவனித்தாலும் ஓரம் முந்திவிடும். கலவை நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிற்காதபடி அகலமான பாத்திரம் எடுங்கள். ஏழு அங்குல அகலமுள்ள கேக் டின் நீங்கள் சொன்ன அளவுக்குப் பொருத்தம்.

சரி, முட்டைக் கணக்குக்கு வருகிறேன். நன்னி எண்ணிப் போட்ட பத்து முட்டை வீட்டுக் கோழியுடையதா என்று உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நாட்டுக்கோழி முட்டை ஓட்டோடு 40 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இன்று கடையில் வாங்கும் பண்ணை முட்டை 50 முதல் 55 கிராம். பத்து நாட்டு முட்டையை உடைத்தால் ஏறத்தாழ 350 கிராம் கரு கிடைக்கும். பத்து பண்ணை முட்டையில் ஏறத்தாழ 100 கிராம் கூடுதலாக வந்துவிடும். அந்தக் கூடுதல் முட்டை வட்டிலாப்பத்தைக் கெட்டியாக்கும், வாடையையும் கூட்டும். நாட்டு முட்டை கிடைத்தால் பத்து போடுங்கள். பண்ணை முட்டையென்றால் ஏழு போதும்.

ஒரு பெரிய தேங்காயைத் துருவி, 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். 350 மில்லி வேண்டும். குறைந்தால் சக்கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை பிழிந்து அந்த அளவை மட்டும் நிரப்புங்கள். அதைத் தாண்ட வேண்டாம். பாலை அடுப்பில் வைக்கவே கூடாது, கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். பாக்கெட் பால்தான் வசதி என்றால் கெட்டியானதாகப் பார்த்து, குலுக்கி, தண்ணீர் சேர்க்காமல் ஊற்றுங்கள். வரும், ஆனால் புதுத் தேங்காயின் வாசம் வராது. பெருநாளுக்குத் துருவுவதே நல்லது.

வெல்லம் 350 கிராம். கரும்பு விளையும் கடலூர்ப் பக்கம் நல்ல வெல்லம் கிடைப்பதில் சிரமமில்லை. பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டுப் பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், அதில் 100 கிராமைக் கருப்பட்டியாக மாற்றுவேன். வாசம் வேறு தளத்துக்குப் போய்விடும். சீனி மட்டும் போட்டுச் செய்யும் வீடுகளும் உண்டு, அதுவும் தப்பில்லை. வெல்லத்தைத் தட்டி, 60 மில்லி தண்ணீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி வடிகட்டுங்கள், மண் நின்றுவிடும். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே முட்டையோடு சேர வேண்டும். சுடச்சுட ஊற்றினால் முட்டை அங்கேயே திரித்திரியாக வெந்துவிடும்.

முட்டையை மிக்ஸியில் அடிக்காதீர்கள். நுரை முழுவதும் மேலே மிதந்து, நீங்கள் சொன்ன அந்தத் தடித்த ஏடாகப் படியும். முள்கரண்டியால் மஞ்சளும் வெள்ளையும் கலக்கும் அளவுக்குக் கிளறி, பாகும் பாலும் சேர்த்து, நெருக்கமான வடிகட்டியில் ஒரு முறை வடிகட்டுங்கள். மஞ்சள்கருவைப் பிடித்திருக்கும் வெள்ளை நூல் வடிகட்டியில் தங்கிவிடும். அரை ஸ்பூன் ஏலக்காய்ப் பொடி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. பதினைந்து நிமிடம் அப்படியே விட்டு, மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுப் பிறகு பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நுரைக்க அடித்து, சின்னச் சின்னக் கண்களோடு வரும் வட்டிலாப்பத்தையே விரும்பும் குடும்பங்களும் இருக்கின்றன. உங்கள் நன்னியுடையது அப்படி இருந்திருந்தால் நன்றாகவே அடியுங்கள். அந்தக் கண்கள் சிறிதாக, ஒரே சீராக இருக்கும், தண்ணீர் விடாது. கொதித்து விழும் ஓட்டை பெரிதாக, ஓரத்தில் அதிகமாக, ஈரம் கசிந்தபடி இருக்கும். உம்மாவிடம் கேட்டால் எது உங்கள் வீட்டு வகை என்று சொல்லிவிடுவார்.

கஸ்டர்ட் பவுடர் வேண்டாம். அது பெரும்பாலும் சோள மாவு, நிறம், வாசனை. ஆல்பிரட் பேர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1837-இல், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக முட்டையே இல்லாமல் உருவாக்கியது. உங்கள் பக்கத்து வீட்டார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மாவுச்சத்து இருந்தால் முட்டை சீக்கிரம் திரியாது, ஓட்டையும் குறையும். ஆனால் வெட்டினால் வழவழப்பு போய் மாவுக் களிப் பதம் வந்துவிடும், வெனிலா வாசம் தேங்காயை அமுக்கிவிடும். அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பதினைந்து பண்ருட்டி முந்திரியைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அளந்து வைத்த தேங்காய்ப் பாலிலிருந்தே கொஞ்சம் எடுத்து மையாக அரைத்துச் சேர்த்துவிடுங்கள். முந்திரியிலும் ஓரளவு மாவுச்சத்து இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. பதமும் கூடும், சுவையும் கெடாது. இது சேர்த்தால் வடிகட்டிய பிறகு சேருங்கள்.

வேகும் நேரம் பாத்திரத்தைப் பொறுத்தது. ஏழு அங்குல டின்னில் 40 முதல் 50 நிமிடம், சின்னக் கிண்ணங்களில் 15 முதல் 20 நிமிடம். கடிகாரத்தை நம்புவதைவிடப் பாத்திரத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல் நின்று, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் தளதளவென்று ஆடினால் அடுப்பை அணைத்துவிடுங்கள். நடுவும் கெட்டியாகும்வரை விட்டால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அணைத்த பிறகு மூடி வைத்தபடியே பத்து நிமிடம் விட்டால் உள்ளிருக்கும் சூட்டில் நடு உறைந்துகொள்ளும். உணவுக்கான குத்து தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். நடுவில் 83 டிகிரி காட்டினால் அணைத்துவிடலாம்.

சூடாக வெட்டக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்ததும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், குறைந்தது நான்கு மணி நேரம். முதல் நாள் இரவே செய்துவிடுவதுதான் நல்லது. ஒரு இரவு தங்கினால் வெல்லமும் ஏலக்காயும் இறங்கிச் சுவை கூடுகிறது. தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்பதால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். வறுத்த முந்திரியைப் பரிமாறும்போது தூவுங்கள், முன்பே தூவினால் நமத்துப்போகும். இடியாப்பத்தோடு வைத்தால் குளிர்ச்சி கொஞ்சம் விட்ட பிறகு பரிமாறுங்கள்.

பெருநாளுக்கு ஆட்கள் அதிகம் என்றால் அளவை இரட்டித்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள். ஆழம் கூடினால் பழைய தொல்லை திரும்ப வரும். இரண்டு டின்னாகப் பிரித்து, முதல் டின் வெந்து இறங்கியதும் பானையில் கொதிநீர் சேர்த்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். காத்திருக்கும் கலவையை அதுவரை ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஊற்றும் முன் ஒரு முறை அடியோடு கிளறிவிடுங்கள். குளிர்ந்திருப்பதால் அது வேக ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும். அதற்காகத் தீயைக் கூட்ட வேண்டாம்.