விவாதத்தில் யார் வென்றார் என்று சேனல் சொல்வதை நம்பலாமா?

இலங்கையின் ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய விவாதத்தில் ஒரு சேனல் ஒருவரையும் இன்னொரு சேனல் மற்றவரையும் வென்றவர் என்கிறது, எதை நம்புவது?

இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். எந்தத் துண்டை வெட்டிக் காட்டுகிறார்கள் என்பதே தீர்ப்பை மாற்றிவிடும். 1976 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவில் அப்போதைய ஜனாதிபதி ஃபோர்டும் தேர்தலில் அவரை எதிர்த்த கார்ட்டரும் விவாதித்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் ஃபோர்டு. அது தவறான பேச்சுதான். ஆனாலும் விவாதம் முடிந்த கையோடு எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், பார்த்தவர்களிடம் அவரே முன்னிலையில் இருந்தார். செய்திகள் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் போட்ட பிறகு, மறுநாளே பெரும்பாலானோர் கார்ட்டர் வென்றார் என்றார்கள்.

நம் மலையகத்தில் 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. "வாங்கிக் கொடுத்தோம்" என்று சொல்பவர் எளிதில் தலைப்பாகிவிடுவார். அதற்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்பவரை வெட்டிவிடுவார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் கேள்விதானே முக்கியம்! சேனலின் முதலாளி யார் என்பதையும் பாருங்கள். அப்புறம், முழு விவாதத்தையும் நீங்களே கேட்டு, உங்கள் முடிவைக் குறித்து வைத்துவிட்டு, அதன் பிறகு சேனலின் செய்தியைப் பாருங்கள்.